அயர்லாந்திலிருந்து அமெரிக்கா சென்ற விவசாய மூதாதையைப் பழைய ஆவணங்களில் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தை விட்டுக் கிளம்பி, அமெரிக்காவில் நிலம் வாங்கியோ அரசிடமிருந்து பெற்றோ பயிர் செய்து வாழ்ந்த ஒரு மூதாதையைத் தேடுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. அயர்லாந்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களிலேயே தங்கிவிட்டார்கள். உழவுக்குத் திரும்பியவர்கள் சிறுபான்மையினர்தான். ஆனால் நிலம் வைத்திருந்தவர் கூலிக்காரரைவிட அதிகக் காகிதங்களை விட்டுச் சென்றிருப்பார் என்பதால், தேடுபவருக்கு அவர்கள் சற்று எளிதில் அகப்படுவார்கள்.

தேடலை அயர்லாந்தில் தொடங்குவதா, அமெரிக்காவில் தொடங்குவதா?

அமெரிக்காவில்தான். மூதாதையின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேரே அயர்லாந்துப் பதிவேடுகளுக்குள் இறங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஜான் மர்ஃபி என்றோ மேரி சல்லிவன் என்றோ பெயர் தாங்கியவர்கள் கார்க் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) மட்டும் கணக்கில்லாமல் இருந்தார்கள். அவர்களுள் யார் கப்பலேறினார், யார் ஊரிலேயே இருந்து செத்தார் என்பதைக் குறித்துவைக்கும் வழக்கம் அங்குள்ள கோவில், அதாவது தேவாலயப் பதிவேடுகளுக்கு இல்லை. அவரோடு தொடர்புள்ள ஊரின் பெயர் அமெரிக்க ஆவணம் ஏதாவது ஒன்றில் கிடைக்கும் வரை கடலைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான விடைகள் அந்த ஒரே ஊர்ப் பெயரைப் பிடிப்பதற்கான வழிகள்தான்.

ஊர்ப் பெயர் என்று எதைச் சொல்கிறீர்கள்? கவுண்டியின் பெயர் தெரிந்தால் போதாதா?

போதாது. அயர்லாந்தில் 32 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பரோனி எனப்படும் பல உட்பிரிவுகள், ‘சிவில் பாரிஷ்’ எனப்படும் பல குடிமைப் பங்குகள், அவற்றுக்கும் கீழே டவுன்லேண்ட் எனப்படும் சிறு நிலப் பிரிவுகள். ‘டவுன்’ என்ற சொல்லைப் பார்த்து நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் வருவாய்த் துறைக் கணக்கில் வரும் உட்கடைக் கிராமத்தைப் போன்ற ஒன்று அது. சிலவற்றில் நாற்பது வீடுகள் இருந்தன, சிலவற்றில் ஒரு வீடுகூட இல்லை. நாடு முழுவதும் 60,000க்கு மேற்பட்ட டவுன்லேண்ட்கள் உண்டு. குத்தகை, வரி, கணக்கெடுப்பு எல்லாம் இந்தப் பிரிவின் கீழேதான் எழுதப்பட்டன. ஆகவே டவுன்லேண்டின் பெயரோ, குறைந்தபட்சம் பங்கின் பெயரோ கிடைத்த பிறகுதான் அயர்லாந்து ஆவணங்கள் பேசத் தொடங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கத்தோலிக்கப் பங்கும் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள பகுதி) அரசின் குடிமைப் பங்கும் ஒன்றல்ல. எல்லைகளும் பெயர்களும் பல இடங்களில் வேறுபடும். மேலும், சில கவுண்டிகளின் பெயர் மாறிவிட்டது: பழைய ஆவணத்தில் ‘கிங்ஸ் கவுண்டி’ என்று இருப்பது இன்றைய ஆஃபலி, ‘குவீன்ஸ் கவுண்டி’ என்று இருப்பது இன்றைய லீஷ்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எவ்வளவு உதவும்?

நிறைய உதவும், ஆனால் ஊரின் பெயரை அது சொல்லாது. பிறந்த இடம் என்ற பத்தியில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒரே சொல்தான் இருக்கும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த இக்கணக்கெடுப்பில், 1850இல்தான் முதன்முதலாகக் குடும்பத் தலைவர் மட்டுமின்றி வீட்டிலிருந்த சுதந்திர மக்கள் அனைவரின் பெயர்களும் எழுதப்பட்டன. 1880இல் தாய் தந்தையர் பிறந்த நாடும், 1900இல் பிறந்த மாதமும் ஆண்டும், நாட்டுக்கு வந்த ஆண்டும், ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்பதும் சேர்ந்தன. 1890ஆம் ஆண்டின் கணக்கெடுப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அதன் பெரும்பகுதி சேதமடைந்து, பிறகு அழிக்கப்பட்டது. அந்த இருபதாண்டு இடைவெளியை நிரப்ப, மின்னசோட்டா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் 1885இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு கைகொடுக்கும்.

வயதை மட்டும் நம்ப வேண்டாம். பத்தாண்டு இடைவெளியில் ஆறு வயது மட்டுமே கூடிய பெண்களும், பதினைந்து வயது கூடிய ஆண்களும் இந்தத் தாள்களில் சர்வசாதாரணம். பிறந்த தேதி தெரியாத மக்கள் உத்தேசமாகச் சொன்னதை எழுத்தர் எழுதிக்கொண்டார், அவ்வளவே.

விவசாயிகளுக்கென்று தனிக் கணக்கெடுப்பு இருந்ததாமே?

இருந்தது. குடும்பத் தேடலில் இறங்குபவர்களில் பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 1850 முதல் 1880 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளிலும் வேளாண்மைக்கென்று ஒரு தனி அட்டவணை உண்டு. 1850, 1860 ஆண்டுகளில், ஆண்டுக்கு 100 டாலருக்குக் குறையாமல் விளைச்சல் எடுத்த பண்ணைகள் இதில் இடம்பெற்றன. உழவுக்குத் தயாரான நிலம் எத்தனை ஏக்கர், காடாகக் கிடப்பது எத்தனை ஏக்கர், பண்ணையின் விலை, குதிரைகள், கறவை மாடுகள், உழவு எருதுகள், பன்றிகள், கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம், வெண்ணெய் என்று வரிசையாகப் பத்திகள் செல்லும். உருளைக்கிழங்குப் பத்தியின் தலைப்பே ‘ஐரிஷ் உருளைக்கிழங்கு’ என்றிருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக வைத்த பெயர் அது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் கிழங்கு கருகிப்போனதால் ஊரை விட்டு வந்தவர் இங்கே எத்தனை புஷல் கிழங்கு எடுத்தார் என்பதை அந்தத் தலைப்பின் கீழே படிப்பது ஒரு தனி அனுபவம்.

பயனும் உண்டு. ஒரே வட்டாரத்தில் ஒரே பெயரில் இரண்டு விவசாயிகள் இருந்தால், ஒருவருக்கு 40 ஏக்கரும் மற்றவருக்கு 160 ஏக்கரும் இருப்பதைக் கொண்டு அவர்களைப் பிரித்துவிடலாம்.

அவர் நிலம் வாங்கிய ஆவணத்தை எங்கே தேடுவது?

அது நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. தனியாரிடமிருந்து வாங்கியிருந்தால், பத்திரம் அந்தக் கவுண்டியின் பதிவு அலுவலகத்தில் இருக்கும். ஓஹாயோவுக்கு மேற்கே பெரும்பாலான மாநிலங்களில் முதல் உரிமை மத்திய அரசிடமிருந்து வந்தது. நம் வழக்கில் சொன்னால் அரசு கொடுத்த பட்டா. 1820க்குப் பிறகு ஏக்கர் 1.25 டாலர் என்பது அரசு நிலத்தின் குறைந்தபட்ச விலையாக இருந்தது. இந்தப் பட்டாக்களின் படங்களை அமெரிக்க நில நிர்வாகத் துறையின் இணையத்தளத்தில் பெயரைக் கொண்டே இலவசமாகப் பார்க்கலாம். நிலத்தின் அடையாளம் ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப், அதனுள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொரு செக்‌ஷனும் 640 ஏக்கர் என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கும். கால் செக்‌ஷன் என்றால் 160 ஏக்கர்.

இல்லினாய் மாநிலத்தில் தேடுவோர் ஒரு தகவலை மனத்தில் வைக்க வேண்டும். 1836 முதல் 1848 வரை இல்லினாய்–மிச்சிகன் கால்வாயை வெட்டிய கூலிகளில் பெரும்பகுதியினர் அயர்லாந்துக்காரர்கள். பணத் தட்டுப்பாட்டில் அவர்களுக்குக் கூலியாகக் கடன்சீட்டுகள் தரப்பட்டன. அந்தச் சீட்டுகளைக் கொடுத்துக் கால்வாயையொட்டிய நிலத்தை வாங்கியவர்கள் உண்டு. மண்வெட்டியோடு வந்தவர் திடீரென்று நில உடைமையாளராகத் தெரிந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் வளமானது ஹோம்ஸ்டெட் கோப்பு. 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, குடும்பத் தலைவரோ 21 வயது நிறைந்தவரோ 160 ஏக்கர் வரை அரசு நிலத்தைப் பெறலாம். ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்து காட்ட வேண்டும். விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, குடிமகனாகும் எண்ணத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டும். எனவே வெளிநாட்டவர் தம் குடியுரிமைக் காகிதத்தின் நகலை இந்தக் கோப்பில் வைத்தாக வேண்டியிருந்தது. ஐந்தாண்டு முடிவில் இரண்டு அண்டை வீட்டார் சாட்சி சொல்வார்கள்: வீடு எத்தனை அடி நீளம், கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழப்பட்டது, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவர்கள் வாக்குமூலத்தில் வரும். பட்டாவின் படம் ஒரு பக்கம்தான். இந்தக் கோப்போ பல பக்கங்கள். பட்டா கிடைத்ததோடு நின்றுவிடாமல், அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து முழுக் கோப்பையும் கேட்டுப் பெறுங்கள். அந்தச் சாட்சிகளின் பெயர்களையும் குறித்து வையுங்கள். அவர்கள் பிறகு தேவைப்படுவார்கள்.

குடியுரிமை ஆவணத்தில் பிறந்த ஊர் இருக்குமா?

1906 செப்டம்பருக்கு முந்தையது என்றால் பெரும்பாலும் இருக்காது. அதுவரை எந்த நீதிமன்றத்திலும் குடியுரிமை பெறலாம். ஒவ்வொரு நீதிமன்றமும் தன் மனம்போல் படிவம் வைத்திருந்தது. விண்ணப்பித்தவர் விக்டோரியா அரசிக்குக் கட்டுப்பட்டிருப்பதைத் துறப்பதாகச் சொல்லும் ஒரு வரியும் அவர் கையெழுத்தோ பெருக்கல் குறியோதான் பல காகிதங்களில் மிஞ்சும். 1906க்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே படிவம் வந்தது. அதில் பிறந்த ஊர், தேதி, கப்பல் எல்லாம் உண்டு. 1855 முதல் 1922 வரை மனைவி கணவனோடு சேர்ந்தே குடியுரிமை பெற்றதால், திருமணமான பெண்ணுக்குத் தனிக் கோப்பு பொதுவாகக் கிடைக்காது.

கப்பல் பயணிகள் பட்டியலில் பெயரை மாற்றிவிட்டார்களா?

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டதாகப் பல குடும்பங்களில் ஒரு கதை உலவுகிறது. அங்கிருந்த எழுத்தர்கள், புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரான பட்டியலைப் பார்த்துத்தான் பயணிகளைச் சரிபார்த்தார்கள். புதுப் பெயர் சூட்டும் வேலை அவர்களுக்கு இல்லை. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பிற்பாடு தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். தவிர, எல்லிஸ் தீவு திறக்கப்பட்டது 1892 ஜனவரி 1 அன்றுதான். பஞ்ச காலத்தில் வந்தவர் அங்கே கால் வைத்திருக்க வழியில்லை.

அமெரிக்கத் துறைமுகங்களில் பட்டியல் கொடுப்பது 1820 முதல் கட்டாயம். 1846 முதல் 1851 வரை நியூயார்க்கில் இறங்கிய சுமார் ஆறு லட்சம் பேரின் பட்டியல், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடக்கூடிய வடிவில் உள்ளது. அதிலும் பெரும்பாலும் நாடு மட்டுமே இருக்கும், ஊர் இராது. அங்கே கிடைக்காவிட்டால் கனடாவை நினையுங்கள். கட்டணம் குறைவு என்பதால் பலர் கியூபெக்கில் இறங்கி, எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குள் வந்தார்கள். 1847இல் கியூபெக்கை அடுத்த குரோஸ் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் காய்ச்சலால் மாண்டு புதைக்கப்பட்டோர் 5,000க்கும் அதிகம். ஒரு குடும்பத்தில் தாயோ தந்தையோ திடீரெனக் காணாமல் போவதற்கு அந்த ஆண்டு ஒரு விளக்கம். ஹென்றி ஃபோர்டின் தந்தை வில்லியம், கார்க் கவுண்டியிலிருந்து தம் பெற்றோருடன் கிளம்பியதும் அதே 1847இல்தான். வில்லியமின் தாய் பயணத்திலேயே இறந்தார், மற்றவர்கள் மிச்சிகனில் ஏற்கெனவே பயிர் செய்துகொண்டிருந்த உறவினர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

இவ்வளவு பார்த்தும் ஊரின் பெயர் கிடைக்கவில்லை. இனி என்ன செய்வது?

அவரை விட்டுவிட்டு, அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேடுங்கள். இதைவிடப் பலன் தந்த வழி வேறொன்றை நான் அறியேன். அயர்லாந்துக்காரர்கள் தனித்தனியாகக் குடியேறவில்லை. ஒருவர் வந்து, தம்பிக்குப் பயணச்சீட்டு அனுப்பி, தம்பி மைத்துனரை அழைத்து, அடுத்தடுத்த பண்ணைகளில் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள் அமர்ந்தார்கள். மிச்சிகன் ஏரியிலுள்ள பீவர் தீவில், டொனகால் கவுண்டியின் ஆரன்மோர் தீவுக்காரர்கள் அப்படித்தான் திரண்டார்கள். மின்னசோட்டாவில் 1876 முதல் ஆயர் ஜான் அயர்லாந்து கத்தோலிக்கக் குடியேற்றங்களை நிறுவியபோதும், நெப்ராஸ்காவில் 1874இல் ஓநீல் நகரம் தோன்றியபோதும் இதே கதைதான். உங்கள் மூதாதையின் ஊர் எங்கும் எழுதப்படாமல் இருக்கலாம். அவருக்கு ஹோம்ஸ்டெட் சாட்சி சொன்ன அண்டை வீட்டுக்காரரின் கல்லறையில் அது பொறிக்கப்பட்டிருக்கலாம்.

பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது கோவில் பதிவேடு. அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குகளின் திருமணப் பதிவுகளில், மணமக்களின் சொந்தப் பங்கைப் பங்குத்தந்தை எழுதிவைத்த இடங்கள் உண்டு. ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோராக நின்றவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தவர்களோ ஊர்க்காரர்களோதான். அடுத்து, உள்ளூர்ப் பத்திரிகையின் மரணச் செய்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்றவர் என்றால் ஓய்வூதியக் கோப்பு. விதவை ஓய்வூதியம் கேட்டிருந்தால், திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் நிரூபிக்க அவர் கொடுத்த காகிதங்கள் அதில் இருக்கும். பாஸ்டனிலிருந்து வெளிவந்த ‘பைலட்’ இதழ் 1831 முதல் 1921 வரை காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அவற்றில் கவுண்டி, பங்கு, சில வேளை டவுன்லேண்ட் வரை சொல்லப்பட்டிருக்கும். நியூயார்க்கில் 1850இல் தொடங்கிய குடியேறியோர் சேமிப்பு வங்கி, கணக்கு வைத்தவரை அடையாளம் காண்பதற்காகவே பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைக் குறித்துவைத்தது. பண்ணைக்குப் போகுமுன் ஓரிரு ஆண்டுகள் நியூயார்க்கில் உழைத்தவர்கள் அதில் அகப்படலாம்.

இந்த வழியில் வெற்றி கண்ட உதாரணம் ஏதாவது உண்டா?

உலகறிந்த ஒன்று உண்டு. பராக் ஒபாமாவின் தாய்வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தையவர் ஃபால்மத் கியர்னி. செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனான அவர் 1850இல், 19ஆம் வயதில், நியூயார்க்கில் வந்திறங்கினார். ஓஹாயோவில் உறவினர்கள் முன்பே குடியேறியிருந்ததால் நேரே அங்கே சென்றார். பின்னர் இந்தியானாவில் விவசாயியாக வாழ்ந்து மறைந்தார். ஓஹாயோவில் இருந்த அந்த உறவுகளைப் பின்தொடர்ந்ததால்தான் மணிகால் என்ற சிற்றூரின் பெயர் வெளிப்பட்டது. 2007இல், அந்த வட்டாரத்தின் அயர்லாந்துத் திருச்சபைப் (அக்காலத்தில் அரசுத் திருச்சபையாக இருந்த புராட்டஸ்டண்ட் சபை) பதிவேடுகளில் கியர்னி குடும்பம் இருப்பது உறுதியானது. 2011 மே மாதம் ஒபாமா அந்த ஊருக்கே சென்றார்.

இந்தக் கதையில் மூன்று பாடங்கள் பொதிந்துள்ளன. ஃபால்மத் என்ற அபூர்வமான முதற்பெயர் தேடலை எளிதாக்கியது. குடும்பத்தில் அப்படி ஒரு பெயர் இருந்தால் அதைக் கொண்டே தேடுங்கள். அயர்லாந்துக்காரர் என்றாலே கத்தோலிக்கர் என்று எண்ணியிருந்தால் அந்தப் பதிவேட்டைத் திறந்தே இருக்கமாட்டார்கள். மணிகால் அப்போது ஆஃபலியில் இல்லை, கிங்ஸ் கவுண்டியில் இருந்தது.

அயர்லாந்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துபோயினவா?

எல்லாம் அல்ல. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும் சில துணுக்குகள் தவிரப் போயின. பெரும்பாலான உயில்களும், அயர்லாந்துத் திருச்சபைப் பதிவேடுகளில் ஏறத்தாழப் பாதியும் போயின. 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புகளை எந்தப் போரும் அழிக்கவில்லை, அரசே அழித்துவிட்டது. இதைச் சொன்னால் தீயைவிட இதற்குத்தான் பலருக்கும் கோபம் வரும்.

தப்பியவை: கத்தோலிக்கப் பதிவேடுகள், 1864 ஜனவரி 1 முதல் தொடங்கும் பிறப்பு, இறப்பு, திருமண அரசுப் பதிவுகள், 1901, 1911 கணக்கெடுப்புகள், 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவகம், எல்லாவற்றுக்கும் மேலாக வரிக் கணக்குகள்.

அந்த வரிக் கணக்குகள் என்னென்ன?

இரண்டு. முதலாவது தசமபாகக் கணக்கு. 1823 முதல் 1837 வரை தயாரானது. கத்தோலிக்கரானாலும் பிரெஸ்பிட்டேரியரானாலும், நிலத்தில் பயிரிடுகிற எவரும் அரசுத் திருச்சபைக்குத் தசமபாகம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்கள் டவுன்லேண்ட் வாரியாகப் பட்டியலிடப்பட்டார்கள்.

இரண்டாவது, ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை நாடு முழுவதையும் அளந்து எழுதிய மதிப்பீடு. குத்தகைதாரர் யார், அவருக்கு நிலத்தைக் கொடுத்தவர் யார், என்னென்ன உண்டு, பரப்பு எவ்வளவு, நிலத்தின் மதிப்பு எவ்வளவு, கட்டடத்தின் மதிப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச் என்ற கணக்கில் இருக்கும். இலங்கைக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்குப் பேர்ச் புதிதல்ல. ‘வீடு, ஆஃபீஸ், நிலம்’ என்று படித்துவிட்டு, மூதாதை அலுவலகம் நடத்தினார் என்று மகிழ்ந்துபோனவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் ஆஃபீஸ் என்றால் மாட்டுக் கொட்டிலும் களஞ்சியமும்தான்.

இரண்டையும் ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. தசமபாகக் கணக்கில் பல இடங்களில் ஐரிஷ் ஏக்கர் பயன்பட்டது, அது 1.62 சாதாரண ஏக்கருக்குச் சமம். கிரிஃபித் சாதாரண ஏக்கரில் எழுதினார். பத்து ஏக்கர் வைத்திருந்த குடும்பம் முப்பது ஆண்டில் பதினாறு ஏக்கராகப் பெருக்கிக்கொண்டது போலத் தோன்றினால், அளவுகோல்தான் மாறியிருக்கும்.

கிரிஃபித் மதிப்பீட்டில் அவர் பெயர் இல்லையே?

அவர் அதற்கு முன்பே போயிருக்கலாம். 1845 முதல் 1852 வரையிலான பெரும்பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். மதிப்பீட்டாளர் வருவதற்குள் பல டவுன்லேண்ட்களில் குடிசைகள் இடிக்கப்பட்டிருந்தன. காரணங்களில் சட்டமும் ஒன்று. நான்கு பவுண்டுக்கு மேற்படாத மதிப்புள்ள நிலத்துக்கு உள்ளூர் வரியை நிலக்கிழாரே கட்ட வேண்டியிருந்ததால், சிறு குடியானவரை அப்புறப்படுத்துவது அவருக்கு லாபம். 1847இல் வந்த ஒரு சட்டப்பிரிவின்படி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்குப் பஞ்ச நிவாரணம் கிடையாது. கஞ்சிக்காக நிலத்தை விட்டவர்கள் ஏராளம். அந்தப் பிரிவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த வில்லியம் கிரெகரியே பின்னாளில், 1872 முதல் 1877 வரை, இலங்கையின் ஆளுநராக இருந்தார்.

அல்லது அவர் நிலமில்லாக் கூலியாகவோ, தந்தையின் நிலத்தில் உழைத்த மகனாகவோ இருந்திருக்கலாம். அப்போது தேட வேண்டியது தந்தையின் அல்லது அண்ணனின் பெயரை.

கோவில் பதிவேடுகளைப் படிக்க லத்தீன் தெரிய வேண்டுமா?

பத்துப் பதினைந்து சொற்கள் போதும். கத்தோலிக்கப் பதிவேடுகளில் சில லத்தீனிலும் சில ஆங்கிலத்திலும் உள்ளன. யொவான்னெஸ் என்றால் ஜான், யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். ஏறத்தாழ 1880 வரையிலான இப்பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இலவசமாக இணையத்தில் வைத்தது. மேற்குக் கரையோரத்தின் ஏழைப் பங்குகள் பலவற்றில் 1820களுக்கு முன் பதிவேடே இல்லை. அதற்கு முந்தைய தலைமுறையைக் கண்டதாக யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த ஆவணத்தில் கண்டார் என்று கேளுங்கள்.

ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் நம்மவர் யார் என்று எப்படி முடிவு செய்வது?

ஒரு பெயர் பொருந்துவது சான்றாகாது. ஒரு குடும்பம் முழுவதும் பொருந்த வேண்டும். தாயின் கன்னிப்பருவக் குடும்பப் பெயர், உடன்பிறந்தோரின் வரிசை, ஞானப்பெற்றோர் ஆகிய எல்லாம் அமெரிக்க ஆவணங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

பெயர் சூட்டும் மரபும் துணை செய்யும். பல குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர்; மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர், இரண்டாமவளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயர். பெயரன்தான் பேரன் ஆனான் என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓப்ரையன், ஓநீல் என்பவற்றின் முன்னுள்ள ‘ஓ’ என்ற ஒட்டுக்கும் பேரன், வழித்தோன்றல் என்றே பொருள். அந்த ஒட்டு ஒரு ஆவணத்தில் இருக்கும், அடுத்ததில் இராது. இரண்டு வடிவிலும் தேட வேண்டும். மக்கவுன் என்ற குடும்பம், கொல்லர் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு ஸ்மித் ஆகிவிடுவதும் உண்டு. பிரிஜெட் டீலியாவாகவும், ஹொனோரா நோராவாகவோ ஹன்னாவாகவோ, ஜெரமையா டார்பியாகவும் எழுதப்படுவார்கள்.

கிரிஃபித்தின் மதிப்பீட்டில் ஒரே டவுன்லேண்டில் இரண்டு ஜான் ரயன்கள் இருந்தால், பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் தந்தையின் பெயரோ பட்டப்பெயரோ இருக்கும். அதை நகலெடுக்கும்போது விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் ஒரு தலைமுறை இருக்கிறது.

ஊரில் தங்கிவிட்ட உடன்பிறந்தோரைத் தேடுவதில் பயன் உண்டா?

உண்டு. 1901, 1911 கணக்கெடுப்புகள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாக உள்ளன. குடும்பத்தினரின் மதம், எழுத்தறிவு, ஐரிஷ் மொழி பேசுவார்களா என்பதோடு, வீட்டுக் கூரை ஓலையா ஓடா, முன்புறம் எத்தனை ஜன்னல், எத்தனை தொழுவம் என்பது வரை அவற்றில் உண்டு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாத புதையல். 1909 ஜனவரியில் 70 வயது நிறைந்தவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. அரசுப் பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியதால், அந்த முதியவர்கள் யாரிடமும் பிறப்புச் சான்று இல்லை. அவர்கள் வயதை உறுதிசெய்ய 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். விண்ணப்பத்தில் பெற்றோர் பெயரும் சிறுவயதில் வாழ்ந்த டவுன்லேண்டும் இருக்கும். கணக்கெடுப்பு எரிந்துவிட்டது, விண்ணப்பங்கள் தப்பிவிட்டன. கப்பலேறியவரின் தங்கை ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த தாளில் அண்ணனின் பெற்றோரைக் காணலாம்.

மரபணுச் சோதனை செய்தால் இந்த அலைச்சல் மிச்சமாகுமா?

ஆகாது. உறவு உண்டு என்பதை அது சொல்லும், எந்த வழியில் என்பதைச் சொல்லாது. பொருந்தி வந்த ஒருவரிடம் தம் குடும்பத்தின் ஊர்ப் பெயர் இருந்தால் மட்டும் பெரிய உதவி.

இதைக் கண்டுபிடித்தால் அயர்லாந்துக் குடியுரிமை கிடைக்குமா?

தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். பஞ்ச காலத்தில் வந்த மூதாதையைக் காட்டிப் பொதுவாகப் பெற முடியாது.

அவர் பயிர் செய்த இடத்தை இன்று நேரில் காண முடியுமா?

பெரும்பாலும் முடியும். கிரிஃபித்தின் மதிப்பீட்டில் ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு எண் இருக்கும். அதே எண் அக்கால நில அளவை வரைபடத்தில் அந்த வயலின் மீது எழுதப்பட்டிருக்கும். வரைபடத்தை இன்றைய படத்தோடு பொருத்திப் பார்க்கும் வசதி இணையத்திலேயே உண்டு. அதன் பின், மதிப்பீட்டு அலுவலகத்தின் திருத்தப் புத்தகங்களைப் பாருங்கள். நிலம் கைமாறியபோதெல்லாம் பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதுப் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்தார்கள். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கான புத்தகங்களை பெல்ஃபாஸ்ட் பொது ஆவண அலுவலகத்தின் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்; மற்றவற்றுக்கு டப்ளினைக் கேட்க வேண்டும். பெயர் அடிக்கப்பட்ட ஆண்டும் அமெரிக்காவில் அவர் முதன்முதலில் தென்படும் ஆண்டும் அடுத்தடுத்து வந்தால், நீங்கள் சரியான வயலில்தான் நிற்கிறீர்கள்.

அது இப்போது வேறொருவரின் மேய்ச்சல் நிலமாக இருக்கும். வேலிக் கதவைத் திறக்கும் முன் அருகிலுள்ள வீட்டில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். அந்த வீட்டாரின் குடும்பப் பெயர், நீங்கள் எடுத்துச் சென்ற திருத்தப் புத்தக நகலின் கடைசி வரியில் இருந்தாலும் இருக்கும்.